பொது சுகாதார ஊட்டச்சத்து படித்தால் டயட்டீஷியன் ஆக முடியுமா? கடலோரத்துக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊட்டச்சத்தும் உணவுமுறையும் என்ற பாடத்தில் பி.எஸ்சி. இறுதியாண்டில் இருக்கிறீர்கள். ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்பாலைக்குடிப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவர், பிரிட்டனில் ஓராண்டு பொது சுகாதார ஊட்டச்சத்தில் எம்.எஸ்சி. முடித்தால் டயட்டீஷியன் ஆகிவிடலாம், அதன்பின் எந்த நாட்டிலும் வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டவும் தயாராகிவிட்டார்கள். அந்தப் படிப்பு உங்களை டயட்டீஷியன் ஆக்குமா என்பதுதான் நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசி வரியில், படித்துவிட்டு ஊருக்கே திரும்பினால் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் பெரிதாக நிற்பது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் மருத்துவமனை டயட்டீஷியனாகப் 11 ஆண்டுகளும், பிறகு மண்டபத்திலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில் ஊட்டச்சத்துப் பணியில் 9 ஆண்டுகளும் வேலை பார்த்தவள். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

எழுதிய கேள்விக்கு நேரான பதில்: பொது சுகாதார ஊட்டச்சத்துப் பட்டம் மட்டும் உங்களை டயட்டீஷியன் ஆக்காது. பிரிட்டனிலும் ஆக்காது, அமெரிக்காவிலும் ஆக்காது, இங்கேயும் ஆக்காது. அது தாழ்ந்த படிப்பு என்பதால் நான் இதைச் சொல்லவில்லை. வேறு வேலைக்கான படிப்பு என்பதால் சொல்கிறேன். டயட்டீஷியன் நோயாளியின் கட்டிலருகே நிற்பவர். சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம், எவ்வளவு பொட்டாசியம், எவ்வளவு நீர் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்பவர். மூக்குக்குழாய் வழியாக உணவு ஏற்றவேண்டியவருக்கு அளவு கணக்கிடுபவர். பொது சுகாதார ஊட்டச்சத்தாளர் ஓர் ஊரையோ வட்டாரத்தையோ மொத்தமாகப் பார்ப்பவர். எந்த வயதுக் குழந்தைகள் எந்த மாதத்தில் எடை குறைகிறார்கள், ஏன் குறைகிறார்கள், அரசு கொடுக்கும் சத்துமாவு யார் வயிற்றுக்குப் போகிறது என்று கணக்கெடுத்து, திட்டத்தைத் திருத்துபவர். முன்னவருக்கு உயிர்வேதியியலும் நோய்நிலை உணவியலும் வார்டு அனுபவமும் அடிப்படை. பின்னவருக்கு நோய்ப்பரவலியலும் புள்ளியியலும் களஆய்வும் அடிப்படை. பாதிப் பாடங்கள் இரண்டுக்கும் பொது என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

இந்த வேறுபாட்டை நான் படித்த காலத்தில் யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஒரு மனிதர் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பாம்பன் பக்கத்திலிருந்து ஐம்பது வயது கடந்த நாட்டுப்படகு மீனவர் ஒருவர் வந்தார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவந்தார். எங்களிடம் அச்சடித்த உணவுத் தாள் ஒன்று இருந்தது: காலை எட்டு மணிக்கு மூன்று இட்லி, பதினொரு மணிக்கு மோர், ஒன்றரை மணிக்கு ஒரு கப் சோறு, இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, அதன்பின் ஒன்றும் கூடாது. அதில் அவர் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, கடலில் வலை இழுக்கும்போது வியர்த்துக் கை நடுங்கி மயங்கியவரைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் இரவு ஒன்றரை மணிக்குப் படகேறுபவர். அதற்கு முன்பு ஒரு செம்பு கஞ்சி குடித்துவிட்டுப் போவது நாற்பது ஆண்டுப் பழக்கம். தாளில் எட்டு மணிக்கு மேல் ஒன்றும் கூடாது என்று இருந்ததால் கஞ்சியை நிறுத்திவிட்டார், மாத்திரையை நிறுத்தவில்லை. எத்தனை மணிக்குக் கடலுக்குப் போவீர்கள் என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அவர் இரண்டாம் முறை வந்தபோது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். மாத்திரை நேரத்தை மருத்துவர் மாற்றினார். கஞ்சி மீண்டும் வந்தது, கூடவே ஒரு கைப்பிடி சுண்டல். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடனடியாக 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, உள்ளே போக வேண்டும். 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் தீரவில்லையென்றால் இன்னொரு முறை. இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப கருப்பட்டி கொண்டு போகலாமா?" என்று கேட்டார். பேச்சு வளர்ந்தபோதுதான் தெரிந்தது, கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கையில் கரையில் இருக்கும்போது நாளுக்கு நான்கு முறை கருப்பட்டிக் காப்பி குடித்துவந்திருக்கிறார். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். இரத்தத்தில் ஏற்றவே செய்யும். கரையில் அவர் விடவேண்டிய அதே பொருளைக் கடலில் மடியில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைத்த அன்றுதான் நான் டயட்டீஷியன் வேலையைத் தொடங்கினேன் என்று சொல்வேன்.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர அங்கன்வாடியில் 14 மாதக் குழந்தை ஒன்றை எடை பார்த்தோம். வளர்ச்சி அட்டையில் மூன்று மாதமாகக் கோடு மேலே ஏறாமல் படுத்திருந்தது. கைச்சுற்றளவு நாடாவில் 12.2 சென்டிமீட்டர், 12.5க்குக் கீழே மஞ்சள், 11.5க்குக் கீழே சிவப்பு. மஞ்சள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு டயட்டீஷியனாக இருந்தால் அந்தத் தாயிடம் என்ன ஊட்டுவது என்று சொல்லி முடித்திருப்பேன். ஆனால் அதே தெருவில் இன்னும் மூன்று குழந்தைகளின் கோடும் அப்படியே படுத்திருந்தது. நால்வரின் தாய்மாரும் விடியுமுன் இறால் உரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் திரும்பும்வரை பாட்டியர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தேநீரில் நனைத்த ரஸ்க். சத்துமாவுப் பொட்டலம் எல்லா வீட்டிலும் இருந்தது. அடுப்பு மூட்டிக் கிண்டிக் கொடுக்க அந்த நேரத்தில் ஆள் இல்லை. முதல் நாள் இரவே மாவை வறுத்து, வெல்லமும் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்து உருண்டை பிடித்து வைத்துவிடுவது, காலையில் பாட்டி அதைப் பாலிலோ வெந்நீரிலோ குழைத்து ஊட்டுவது என்று அந்தப் பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். எங்கள் வேலை, நான்கு அட்டைகளை ஒன்றாக விரித்துவைத்து அவர்களுக்குக் காட்டியது மட்டும்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதன்று. உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாமல் நின்றவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் துணை உணவு கொடுத்துத் தாய்க்கும் கற்றுக்கொடுத்த திட்டம். உலகமெங்கும் ஊட்டச்சத்து மாணவர்கள் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இன்னும் பக்கத்தில் சொல்வதென்றால், நம் வாலிநோக்கத்து உப்பளத்தைப் பாருங்கள். தமிழ்நாடு உப்புக் கழகம் அயோடினும் இரும்பும் சேர்த்துத் தயாரிக்கும் இருசத்து உப்பு சத்துணவுக் கூடங்களுக்குப் போகிறது. அதன் தொழில்நுட்பம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் உருவானது. ஒரு பிள்ளையின் தட்டையும் தொடாமல் பல லட்சம் தட்டுகளில் இரும்பைச் சேர்க்கும் வேலை அது. இந்த வகைச் சிந்தனைதான் உங்களை ஈர்க்கிறது என்றால், பொது சுகாதார ஊட்டச்சத்து உங்களுக்கான துறையே.

இனி விதிகளுக்கு வருகிறேன். இவற்றில் உறுதியானதையும் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உறுதியானது: இந்தியாவில் நெடுங்காலமாக மதிக்கப்படுவது இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுபெற்ற டயட்டீஷியன் தேர்வு, நாம் ஆர்.டி. என்று சொல்வது. அதை எழுத, உணவியல் அல்லது உணவும் ஊட்டச்சத்தும் சார்ந்த முதுநிலைப் படிப்பும், அதோடு தகுதியான மருத்துவமனையில் முழுநேர இன்டர்ன்ஷிப்பும் வேண்டும். இந்த இன்டர்ன்ஷிப்தான் பொது சுகாதாரப் படிப்பில் இல்லாதது. அங்கே அதற்குப் பதில் களப்பணியும் ஆய்வேடும் இருக்கும். சங்கத்தின் பதிவு தொழில் மதிப்பைத் தருவது, சட்டம் கொடுக்கும் உரிமம் அன்று. சட்டம் வந்தது 2021இல்: துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் டயட்டீஷியனும் இருக்கிறார், பொது சுகாதார ஊட்டச்சத்தாளரும் இருக்கிறார். ஒரே தலைப்பின் கீழ், தனித்தனிப் பெயர்களாக. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழில்களைச் செய்யக்கூடாது என்பது அச்சட்டத்தின் நோக்கம். மாநிலப் பதிவேடுகள், பொதுப் பாடத்திட்டம், ஏற்கெனவே படித்தவர்களை எப்படிச் சேர்ப்பது ஆகியவை இன்னும் அமைந்துகொண்டிருக்கின்றன. ஆகவே ஆர்.டி. வாங்கினால் போதும் என்றோ, இனி ஆர்.டி. தேவையில்லை என்றோ உறுதியாகச் சொல்பவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டில் ஆர்.டி. தேர்வுக்கான தகுதியும் சட்டப் பதிவேட்டுக்கான தகுதியும் கையில் இருக்கும்படி படிப்பைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி நம் பகுதிப் பெண்களுக்கு முக்கியமானது. திருமணமாகி வீட்டில் இருந்தபடியே தொலைநிலையில் உணவியல் எம்.எஸ்சி. படித்தவர்கள் இங்கே பலர். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, ஊட்டச்சத்தும் உணவியலும் உட்பட, 2025 ஜூலை–ஆகஸ்டு பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் புதிதாக நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. இன்னும் யாராவது உங்களுக்கு அப்படி ஓர் இடம் தருவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய தடை என்பதை நான் அறிவேன். மருத்துவமனைத் தொழிலுக்கு அந்த நிபந்தனை சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஈடாகக் கடலோர மாவட்டங்களில் விடுதியோடு கூடிய இடங்களை அரசு கூட்டியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு விதிகள். பிரிட்டனில் டயட்டீஷியன் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில் என்ற அமைப்பில் பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிவுக்கு அவ்வமைப்பு ஒப்புதல் அளித்த, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய டயட்டெட்டிக்ஸ் படிப்பு வேண்டும், அல்லது வெளிநாட்டில் தகுதி பெற்றவராக விண்ணப்பித்து அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஏற்க வேண்டும். பொது சுகாதார ஊட்டச்சத்து எம்.எஸ்சி. கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு பதிவேட்டில். அசோசியேஷன் ஃபார் நியூட்ரிஷன் நடத்தும் ஊட்டச்சத்தாளர் பதிவேட்டில். மரியாதைக்குரிய பதிவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு வார்டில் நோயாளிக்கு உணவுச் சிகிச்சை எழுத முடியாது. அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 முதல், டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் கட்டாயம்; ஆனால் எந்த முதுநிலைப் பட்டமும் தனியாகப் போதாது, அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டமும் குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் சேர வேண்டும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் குடும்பங்கள் வளைகுடாவில் இருப்பதால் பலர் துபாய், சவூதி பற்றிக் கேட்பார்கள்; அங்கும் உரிமம் இல்லாமல் மருத்துவமனையில் சேர முடியாது, சான்றிதழ்களை வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகச் சரிபார்ப்பார்கள், பணி அனுபவமும் கேட்பார்கள். நான் வெளிநாட்டில் படித்தவளோ வேலை பார்த்தவளோ அல்லள். அங்குள்ள அன்றாட நிலைமையை அங்கே இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் முகவர் சொன்னது தவறு என்பதைச் சொல்ல இந்த விதிகளே போதும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் படிப்பை முடித்தவர் எந்தப் பதிவேட்டில், எந்தப் பெயரில் பதிவு பெறுவார்? எழுத்தில் பதில் வராவிட்டால் நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை இதுதான்: முதலில் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய எம்.எஸ்சி. படியுங்கள், பொது சுகாதாரத்துக்கு அதன்பின் போங்கள். காரணம், டயட்டீஷியனாகத் தகுதி பெற்றவர் பின்னாளில் களத்துக்கு வரலாம். புள்ளியியலையும் ஆய்வு முறையையும் வேலையோடு சேர்த்தே கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வந்தேன். பொது சுகாதாரத்தில் முதலில் பட்டம் பெற்றவர் பின்னாளில் வார்டுக்கு வர நினைத்தால், விட்டுப்போன இன்டர்ன்ஷிப்பை எந்த மருத்துவமனையும் சும்மா கொடுக்காது. திரும்ப ஒரு படிப்பில் சேர வேண்டியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கிராமத்தில் நீங்கள் இரத்தசோகை பற்றிப் பேசப் போனாலும், கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் தன் கிரியாட்டினின் பரிசோதனைச் சீட்டை நீட்டி, இளநீர் குடிக்கலாமா என்று கேட்பார். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து என்பதைப் பாடமாக மட்டும் படித்திருப்பதும், டயாலிசிஸ் பிரிவில் நின்று பார்த்திருப்பதும் ஒன்றல்ல. என் கருத்தோடு உடன்படாத நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திட்டமிடலில்தான் ஆள் பற்றாக்குறை, எல்லாரும் மருத்துவமனைக்கே போனால் ஊரை யார் பார்ப்பது என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கு நோயாளியைத் தொட்டுப் பேசுவதில் நாட்டமே இல்லை, எண்களோடும் திட்டங்களோடும்தான் வாழ விருப்பம் என்றால் என் பரிந்துரையை ஒதுக்கிவிடலாம்.

எங்கே படிப்பது என்பதற்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம் 1957இல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கியது. இராஜம்மாள் தேவதாஸ் அம்மையார் அங்கே வளர்த்த ஊட்டச்சத்துக் கல்வியில் ஆய்வகத்துக்குச் சமமாகக் கிராமமும் இருந்தது. காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்திலும் மனையியல் துறைக்குக் கிராமப் பணி மரபு உண்டு. சென்னையிலும் மதுரையிலும் கல்லூரிகள் உள்ளன. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் உணவியல் முதுநிலை டிப்ளமோ உண்டு. வார்டு அனுபவத்துக்கு அதற்கு நிகர் குறைவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பயன்பாட்டு ஊட்டச்சத்து எம்.எஸ்சி. இரண்டு துறைக்கும் நடுவில் பாலம்போல அமைந்தது. இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வு உண்டு. அந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், மெக்காரிசன் என்ற மருத்துவரின் கீழ் பெரிபெரி என்ற சத்துக்குறை நோயை ஆராயும் சிறு பிரிவாகத் தொடங்கி, 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது.

நீங்கள் எங்கே படித்தாலும், பாடப் புத்தகம் உங்கள் ஊரை அறியாது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முந்தைய நாள் உண்டதைக் கேட்டு எழுதும் 24 மணி நேர நினைவுமுறையை வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஏர்வாடிப் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரிடம் ஒரு நாள் அதைக் கேட்டேன். "என்னத்தைம்மா சாப்பிட்டேன், கஞ்சியும் வெஞ்சனமுந்தான்" என்றார். கூட வந்த மாணவி கஞ்சி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். வெஞ்சனம் என்ன அக்கா என்று கேட்டேன். "சுட்ட நெத்திலிக் கருவாடு, ஒரு கை." ஒரு கை என்றால் எவ்வளவு என்று கேட்டபோது, சிரித்துக்கொண்டே உள்ளே போய் அள்ளிக் கொண்டுவந்தார், தராசில் வைத்தோம், 22 கிராம். தலையோடும் முள்ளோடும் அப்படியே மெல்வது. பால் வாங்காத அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு அந்தக் கையளவில்தான் இருந்தது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், பெண்களுக்கு 29 மில்லிகிராம் இரும்பும் தேவை என்று 2020இல் வெளிவந்த இந்தியப் பரிந்துரை சொல்கிறது. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு, பாலும் பேரீச்சையும் சாப்பிடுங்கள் என்று ஒரு பாசிக்காரப் பெண்ணிடம் சொல்வது எளிது. அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் நெத்திலியையும், காரல் மீன் பொடியையும், முருங்கைக் கீரையையும், கேப்பைக் கூழையும் கணக்கில் எடுத்து, எது குறைகிறது என்று பார்ப்பதுதான் படித்தவர் வேலை.

அதே கருவாட்டில் உப்பும் இருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தால் அது எளிதில் கடந்துவிடும். சில ஊர்களில் கிணற்று நீரே உப்புக் கரிக்கும். ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றினால் உப்புக் குறையும் என்பது உறுதி. எவ்வளவு குறையும் என்பது மீனின் அளவையும் உப்பிட்ட விதத்தையும் பொறுத்தது, ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது. அதனால் இரத்த அழுத்தம் உள்ளவரிடம் கருவாட்டை வாரத்தில் சில நாளைக்குக் குறைத்துப் பச்சை மீனுக்கு மாறச் சொல்கிறேன். பிள்ளைத்தாய்ச்சியிடமும் பாலூட்டுபவரிடமும் நெத்திலியை நிறுத்தச் சொல்வதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குப் பால்சுறாப் புட்டு கொடுப்பது நம் வழக்கம். அது நல்ல புரதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாய்ப்பால் சுரப்பது குழந்தை அடிக்கடி சப்புவதாலும், தாய் வயிறார உண்பதாலும்தான். சுறாவுக்குத் தனியாகப் பால் சுரக்கவைக்கும் குணம் உண்டு என்பது நிரூபிக்கப்பட்டதன்று. பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேரும் என்பதால், சிறிய மீன்களையே நான் முன்னே வைக்கிறேன். கிழவிகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் வழக்கத்தைக் குறை சொல்வதாகப் பேசினால் கதவு மூடிவிடும். சூடை மீனும் நகரை மீனும் நீங்கள் ஆக்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், அவர்களே சட்டியை எடுத்துவிடுவார்கள்.

இனி நீங்கள் கடைசி வரியில் கேட்டது. இங்கே வேலை இருக்கிறது, பதவிகள்தான் குறைவு. இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் உணவியல் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவு, பெரும்பாலும் மதுரையில்தான் வாய்ப்பு. ஊட்டச்சத்து அல்லது மனையியல் பட்டதாரிகளுக்கு அரசில் நிலையான வழி குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பதவி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் எப்போதாவதுதான் அறிவிக்கும், அதற்காகக் காத்திருந்து வயதைத் தொலைத்தவர்களை அறிவேன். எனவே வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். நம் மாவட்டம் 2018 முதல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாமும் விருதுநகரும் மட்டுமே. அதன் மதிப்பீட்டில் சுகாதாரமும் ஊட்டச்சத்தும் 30 விழுக்காடு. அதனால் ஊட்டச்சத்துத் திட்டங்களில் ஒப்பந்தப் பணிகள் வந்துபோகும். ஆண்டு நிறைவில் நீடிக்குமா என்ற கவலையோடுதான் அவற்றில் இருக்க வேண்டும். தேவை மட்டும் குறைவதில்லை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். பல ஆண்டுகளாகச் சத்துணவுத் திட்டம் உள்ள மாநிலத்தின் நிலை இது. ஆகவே என் மதிப்பீடு: முதல் ஐந்தாறு ஆண்டுகள் மதுரையிலோ சென்னையிலோ மருத்துவமனையில் நின்று தொழிலைக் கையில் ஏற்றிக்கொண்டு, பிறகு ஊருக்கு வருவது நடக்கக்கூடிய வழி. படித்து முடித்த மறுநாளே ஊரில் வேலை என்று எதிர்பார்த்தால் மனம் நொந்துபோவீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. சேர நினைக்கும் கல்லூரியிடம், இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனையில், எத்தனை மாதம், அங்கே மேற்பார்வை செய்யும் டயட்டீஷியன் பதிவு பெற்றவரா, இந்தப் பட்டத்தோடு ஆர்.டி. தேர்வுக்கு விண்ணப்பித்த முன்னாள் மாணவியரின் விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். தகுதி விதிகள் அவ்வப்போது மாறுவதால் இந்திய உணவியல் சங்கத்தின் நடப்பு அறிவிப்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். உங்கள் தெருவில் பத்து வீடுகளில், அந்த 61 நாளில் ஒரு நாளும் படகு போகும் மாதத்தில் ஒரு நாளும், அடுப்பில் என்ன ஏறியது, யார் தட்டில் எவ்வளவு விழுந்தது, யார் கடைசியில் சாப்பிட்டார்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு சிறு தராசும், ஊரில் புழங்கும் ஒரு கரண்டியும் செம்பும் போதும். பெயர்களை எழுத வேண்டாம். எம்.எஸ்சி. நேர்முகத்தில் எதற்காக இந்தப் படிப்பு என்று கேட்டால் அந்த நோட்டை மேசைமீது வையுங்கள். எழுதும்போது எங்காவது தடங்கினால், எந்த வீட்டில் எந்த அளவு புரியவில்லை என்று குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.